புராஸ்டேட் வலிக்குச் சோதனை நிலையில் உள்ள அழற்சி நீக்கச் சிகிச்சைகள்: இறங்குவதற்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

அடிவயிற்றிலோ, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடத்திலோ, ஆண்குறியின் நுனியிலோ மூன்று மாதங்களுக்கு மேலாக வலி விடாமல் இருந்து, சிறுநீர் கழிக்கும்போதும் விந்து வெளியேறும்போதும் அது கூடி, பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை என்று வந்த பிறகும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளே மாறி மாறி எழுதித் தரப்படும் ஆண்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறையில் நாள் முழுவதும் சம்மணமிட்டு அமர்ந்திருப்பவர், இளம்பிள்ளையில் தறி ஓட்டுபவர், சங்ககிரியிலிருந்து வடமாநிலங்களுக்கு லாரி கொண்டுபோகிறவர், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் என யாருக்கும் இந்த வலி வரலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியோடு சேர்த்து இதைப் புராஸ்டேட் வலி என்பார்கள். வலிக்கும் இடத்தை வீட்டில்கூடச் சொல்லக் கூசுவதால் பலர் ஆண்டுக்கணக்கில் தனியாகத் தாங்கிக்கொள்கிறார்கள். அப்படித் தாங்கிச் சலித்தவரிடம் யாராவது புதிய ஊசி, அதிர்வலைச் சிகிச்சை, மகரந்தச் சத்து மாத்திரை என்று எதையாவது சொன்னால் அவர் உடனே ஒப்புக்கொள்வது இயல்பு. நிரூபணம் முடியாத ஒரு சிகிச்சையை நாடுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் நோயின் வகையை உறுதி செய்யாமல், வலியை அளவெடுக்காமல், நிறுத்தும் நாளைக் குறிக்காமல் எவரும் அதில் இறங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதே இங்கே விரிவாகச் சொல்லப்படுகிறது.

நோயின் வகையை உறுதி செய்தல்

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் வகுத்து 1999-இல் வெளியான பகுப்பைத்தான் மருத்துவர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். முதல் வகை, காய்ச்சலும் குளிர்நடுக்கமுமாகத் திடீரென்று வரும் கிருமித் தொற்று. இரண்டாம் வகை, ஒரே கிருமி சுரப்பிக்குள் தங்கி, மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் நாள்பட்ட தொற்று. மூன்றாம் வகை, கிருமி இல்லாமலே நீடிக்கும் இடுப்புக்குழி வலி. விந்திலோ புராஸ்டேட் நீரிலோ வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தால் இதன் முதல் பிரிவு என்றும், இல்லாவிட்டால் இரண்டாம் பிரிவு என்றும் கொள்வார்கள். நான்காம் வகையில் அழற்சி இருக்கும், ஆனால் வலியே இருக்காது. நாள்பட்ட புராஸ்டேட் வலியோடு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் மூன்றாம் வகையைச் சேர்ந்தவர்கள். இந்தக் கட்டுரையில் பேசப்படும் சிகிச்சைகள் அனைத்தும் அவர்களுக்கானவை. முதல் இரண்டு வகையினருக்குச் சரியான ஆன்டிபயாடிக் தான் மருந்து, அவர்கள் சோதனைச் சிகிச்சையின் பக்கம் போகவே கூடாது.

வகையைக் கண்டறிய ஓர் எளிய பரிசோதனை உண்டு. மருத்துவர் மலக்குடல் வழியாக விரலால் புராஸ்டேட்டை மெல்ல அழுத்துவதற்கு முன் ஒரு சிறுநீர் மாதிரியும், அழுத்திய பின் இன்னொரு மாதிரியும் எடுத்து, இரண்டையும் வெள்ளையணுக்களுக்காகவும் கிருமி வளர்ப்புச் சோதனைக்காகவும் அனுப்ப வேண்டும். காய்ச்சலோடு வந்திருப்பவருக்குச் சுரப்பியை அழுத்தக் கூடாது, அது கிருமியை இரத்தத்தில் கலக்கச் செய்யும். சேலத்தில் இருப்பவர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவ) பிரிவிலிருந்தே இதைத் தொடங்கலாம். பொது மருத்துவர் தந்த மருந்துச் சீட்டுகளையும் பழைய பரிசோதனை முடிவுகளையும் தேதிவாரியாக அடுக்கிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் உட்கொண்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால், ஏற்கெனவே பலன் தராத மருந்தே மறுபடி எழுதப்படுவதைத் தவிர்க்கலாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக்கையும், சிறுநீர்ப் பாதைத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசினையும் நீண்ட நாள் வலி கொண்ட 196 ஆண்களிடம் ஆறு வாரம் சோதித்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டுமே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் அதிகப் பலன் தரவில்லை.

நம் நாட்டில் வாழ்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று காசநோய். அது சிறுநீர்ப் பாதையையும் புராஸ்டேட்டையும் தாக்கும். வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையில் அது தெரியாது, வெள்ளையணுக்கள் மட்டும் தெரியும். அதாவது, பார்ப்பதற்கு அப்படியே மூன்றாம் வகை அழற்சியைப் போல் இருக்கும். அந்த நிலையில் ஒருவருக்கு ஸ்டீராய்டோ, உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஊசியோ செலுத்தினால் உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொண்டு பரவும். ஆகவே எதிர்ப்பாற்றலைத் தொடும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் மார்பு எக்ஸ்-ரேயும், மருத்துவர் தேவையென்று கருதினால் சிறுநீரில் காசநோய்க் கிருமிக்கான தனிச் சோதனையும் செய்யப்பட வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சர்க்கரை அளவு, சிறுநீரகச் செயல்பாடு, கல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன், ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவர் ஆலோசனையோடு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவை இரத்தத்தில் பார்க்கும்) பரிசோதனை ஆகியவையும் முடிந்திருக்க வேண்டும். அழற்சியே பி.எஸ்.ஏ. அளவை உயர்த்தும் என்பதால் ஒரு முறை கூடுதலாக வந்ததை வைத்துப் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம், ஆனால் அதை விட்டுவிடவும் வேண்டாம். சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறுநீர் அடைப்புக்கும் நடுக்கத்தோடு கூடிய காய்ச்சலுக்கும் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

வலி அழற்சியிலிருந்துதான் வருகிறதா?

சோதனை நிலையில் உள்ள அழற்சி மருந்துகள் பெரும்பாலும் ஏன் ஏமாற்றம் தருகின்றன என்பதற்கு விடை இந்தக் கேள்வியில் இருக்கிறது. இந்த நோயுள்ள ஆண்களின் விந்திலும் புராஸ்டேட் நீரிலும் அழற்சியைத் தூண்டும் சில புரதங்கள் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல முறை கண்டிருக்கிறார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதமும், ஒவ்வாமையில் ஈடுபடும் மாஸ்ட் செல்கள் விடுக்கும் டிரிப்டேஸ் என்னும் நொதியும் அவற்றுள் அடங்கும். ஆனால் வெள்ளையணுக்களின் எண்ணிக்கைக்கும் வலியின் அளவுக்கும் நேரான தொடர்பு காணப்படவில்லை. அணுக்கள் மிகுந்தவருக்கு வலி குறைவாகவும், அணுக்களே இல்லாதவருக்கு வலி கடுமையாகவும் இருக்கலாம். வலியே இல்லாத ஆண்களிடமும் அந்த அணுக்கள் காணப்படுகின்றன.

இதற்கு விளக்கம் உண்டு. தொடக்கத்தில் ஏதோ ஒரு தொற்றோ அடியோ அழற்சியை உண்டாக்கியிருக்கலாம். நாளடைவில் அந்த அழற்சி தணிந்தாலும், இடுப்புக்குழியின் அடித்தளத் தசைகள் இறுகியே இருக்கப் பழகிவிடுகின்றன, வலியைக் கடத்தும் நரம்புகள் சிறு தூண்டுதலுக்கும் கூச்சலிடத் தொடங்கிவிடுகின்றன. அந்த நிலையில் வலி சுரப்பியில் இருப்பதாக உணரப்பட்டாலும் அதைத் தாங்கிப் பிடித்திருப்பவை தசையும் நரம்பும்தான். அப்படிப்பட்டவருக்கு எவ்வளவு வலிமையான அழற்சி மருந்தைக் கொடுத்தாலும் பலன் சொற்பமாகவே இருக்கும்.

எனவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: “விரல் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வலிப்பது புராஸ்டேட்டிலா, அதன் இருபுறமும் உள்ள தசைகளிலா?” தனித்தனியாகத் தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல அவரால் முடியும். 2009-இல் அறிமுகமான ‘யுபாயின்ட்’ என்னும் முறை இந்த நோயாளிகளைச் சிறுநீர்க் கோளாறு, மனநிலை, சுரப்பி, தொற்று, நரம்பு, தசை இறுக்கம் என்னும் ஆறு கோணங்களில் பார்த்து, எந்தெந்தக் கோணத்தில் குறை இருக்கிறதோ அதற்கேற்பச் சிகிச்சையைப் பிரித்துத் தருகிறது. தசை இறுக்கம் முதன்மையாக இருப்பவருக்கு இடுப்புத் தசைகளைத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்டே முதலில் தேவை. இணையத்தில் பார்த்துத் தசைகளை இறுக்கும் பயிற்சிகளைத் தாமாகச் செய்வது இவர்களுக்கு வலியைக் கூட்டக்கூடும். அமர்ந்தே தொழில் செய்கிறவர்கள் முக்கால் மணிக்கொரு முறை எழுந்து நடப்பதையும், வெதுவெதுப்பான நீரில் இடுப்புவரை அமர்வதையும் சில வாரங்கள் ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டு வருவது நல்லது. அதிலேயே தேறிவிடுகிறவர்களுக்குச் சோதனைச் சிகிச்சை வேண்டியதில்லை.

வலியை எண்ணால் எழுதுதல்

எந்தப் புதிய சிகிச்சைக்கும் முன்பு குறைந்தது நான்கு வாரம் வலியை அளந்து எழுதி வையுங்கள். அதற்கென்றே 1999-இல் உருவான ஒரு வினாத்தாள் உண்டு, யூராலஜி மருத்துவர்கள் அதை அறிவார்கள். கடந்த ஒரு வார அனுபவத்தை வைத்து அதற்கு விடை தர வேண்டும். வலிக்கு 21, சிறுநீர்த் தொல்லைக்கு 10, வாழ்க்கைப் பாதிப்புக்கு 12 என மொத்தம் 43 மதிப்பெண்கள். எண் கூடக் கூட நோய் கடுமை. மொத்தத்தில் 6 குறைந்தால்தான் நோயாளி தன் உடலில் உண்மையான மாற்றத்தை உணர்கிறார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த 6 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் ஒவ்வொரு சிகிச்சையையும் அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், வினாத்தாளை நிரப்பினால் போதும். தினமும் இரவில் 0 முதல் 10 வரை ஒரு வலி எண்ணையும், அன்றைய சிறப்புக் காரணங்களையும் ஒரு வரியில் குறிக்கலாம். நீண்ட பேருந்துப் பயணம், இரவுப் பணி, உடலுறவு, மலச்சிக்கல், மது, காரம் மிகுந்த தட்டுவடை செட், நான்கைந்து குவளைக் காப்பி ஆகியவற்றையெல்லாம் எழுதுங்கள். குளிரையும் எழுதுங்கள். வடஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் குளிர்காலத்தில் இந்த வலி கூடுவதைப் பதிவு செய்திருக்கின்றன. மார்கழியில் சேர்வராயன் மலையில் தங்கி வேலை செய்பவருக்கும் சேலம் நகரில் இருப்பவருக்கும் இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது. மார்கழியில் ஒரு மருந்தைத் தொடங்கிப் பங்குனியில் வலி குறைந்தால், குறைத்தது மருந்தா வெயிலா என்று குறிப்பேடு இல்லாமல் சொல்ல முடியாது.

இந்த வலி தானாகவே ஏறி இறங்கும் தன்மை கொண்டது. மனிதர் மருத்துவரைத் தேடிப் போவது உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்தில் தொடங்கிய எந்தச் சிகிச்சைக்குப் பின்னும் வலி சற்று இறங்கவே செய்யும். அல்ஃபுசோசின் என்னும் மருந்தை 272 ஆண்களிடம் 12 வாரம் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களிலும் வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் சரியாக 49.3 விழுக்காட்டினர் குறைந்தது 4 மதிப்பெண் முன்னேறினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் மருந்தே இல்லாத மாத்திரையில் தேறியதாக உணர்ந்த ஒரு நோயில், “எனக்கு இதில் குணமானது” என்று ஒருவர் மனதாரச் சொல்லும் சாட்சியை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய சாட்சியால் உங்களுக்கு எதுவும் உறுதியாவதில்லை.

இதுவரை சோதிக்கப்பட்டவை

வலி மாத்திரைகளிலிருந்து தொடங்குவோம். ரோஃபெகாக்சிப் என்னும் மருந்தை இந்த நோய்க்கு 161 பேரிடம் ஆறு வாரம் சோதித்தார்கள். கூடுதல் அளவில் சிலருக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாகத் தெரிந்ததால் 2004-இல் அந்த மருந்தே உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. சீனாவில் 64 பேரிடம் செலிகாக்சிப்பை ஆறு வாரம் கொடுத்தபோது மதிப்பெண் இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் அந்தப் பலன் நிலைக்கவில்லை. இந்த வகை மருந்து ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பினுடையது), அழற்சி மருந்துகள் வெற்று மாத்திரையைவிடச் சராசரியாக 2.5 மதிப்பெண் கூடுதலாகக் குறைக்கலாம் என்றும், அந்தச் சான்றின் தரம் குறைவு என்றும் கூறியது. நோயாளி உணரும் மாற்றத்துக்கு 6 வேண்டும் என்பதை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சராசரி என்பதால் சிலருக்கு நல்ல பலன் இருந்திருக்கும். ஆனால் மாதக்கணக்கில் டைக்ளோஃபெனாக் வாங்கி உட்கொண்டு சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுத்துக்கொள்வதற்கு இது நியாயம் ஆகாது. ஸ்டீராய்டு மாத்திரையைக் குறுகிய காலம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் பலன் தெரியவில்லை.

பென்டோசான் பாலிசல்ஃபேட் சிறுநீர்ப்பை வலிக்குப் பயன்படும் மருந்து. 100 ஆண்களிடம் நாளுக்கு 900 மில்லிகிராம் வீதம் 16 வாரம் கொடுத்ததில் மொத்த மதிப்பெண்ணில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை, சிலர் மட்டும் தாம் தேறியதாகச் சொன்னார்கள். அதை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்களின் விழித்திரையில் நிறமிப் பாதிப்பு ஏற்படுவது 2018-இல் தெரியவந்தது. ஒரு மருந்து சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தும் புதிய தீங்கு தெரியவரும் என்பதற்கு இது சான்று. உங்களுக்கு யாராவது இதைப் பரிந்துரைத்தால் தொடங்கும் முன்பே கண் மருத்துவரிடம் விழித்திரையைப் பரிசோதித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தாவரப் பொருள்களில் இரண்டு குறிப்பிடத் தக்கவை. வெங்காயத்திலும் இருக்கும் குவெர்செட்டினை 500 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இரு வேளை ஒரு மாதம் கொடுத்த 1999-ஆம் ஆண்டின் ஆய்வில், பெற்றவர்களில் 67 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 20 விழுக்காட்டினரும் கால்பங்காவது முன்னேறினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பங்கேற்றவர்கள் 30 பேர்தான். ஜெர்மனியில் 139 ஆண்களிடம் 12 வாரம் நடந்து 2009-இல் வெளியான மகரந்தச் சத்து ஆய்வு இதைவிடத் திடமானது. அதில் வலி தெளிவாகக் குறைந்தது. இந்தப் பட்டியலில் குறைந்த ஆபத்தோடு முயன்று பார்க்கத் தக்கவை என்று நான் கருதுவது இவை இரண்டையும்தான். மகரந்த ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் இரண்டாவதை நெருங்கக் கூடாது. மேலும் ஆய்வில் பயன்பட்ட சத்தும், கடையில் அதே பெயரில் விற்கும் குப்பியில் இருப்பதும் ஒன்றுதான் என்று கொள்ள முடியாது.

ஈரோடும் சேலமும் மஞ்சள் விளையும் மண் என்பதால் மஞ்சள் மாத்திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குழம்பில் சேரும் மஞ்சள் வேறு, உடலில் அதிகம் உறிஞ்சப்படும்படி செறிவூட்டிய மாத்திரை வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அண்மை ஆண்டுகளில் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. உட்கொள்வதானால் கல்லீரல் பரிசோதனையோடு உட்கொள்ளுங்கள். நெருஞ்சில் குடிநீர் போன்ற சித்த மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் பெற்று, அதை யூராலஜி மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயரும் உட்பொருளும் எழுதாத பொட்டலப் பொடிகளைத் தொடவே வேண்டாம். இரண்டே நாளில் வலியை அடக்கும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் டனேசுமாப் என்னும் ஊசியே இந்தத் துறையில் பெரிய நம்பிக்கையாக இருந்தது. 62 ஆண்களுக்கு ஒரே ஒரு முறை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தி ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் கிடைத்த முன்னேற்றம் மிகச் சிறிது. மூட்டுகளைப் பழுதாக்கும் தீங்கினால் 2021-இல் அந்த மருந்தின் வளர்ச்சிப் பணியே கைவிடப்பட்டது. மாஸ்ட் செல்களை அடக்க, ஒவ்வாமைக்கு நாம் அறிந்த செட்டிரிசினையும் குரோமோலினையும் சேர்த்து முயலும் ஆய்வு அமெரிக்காவில் நடந்திருக்கிறது. காரணத்தின் வேரைத் தொடுகிற முயற்சி என்பதால் எனக்கு இதில் ஆர்வம் உண்டு, ஆனால் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வின்றி இதைச் சிகிச்சை என்று சொல்ல இயலாது.

மருந்தில்லாத வழிகளில், உடலுக்கு வெளியிலிருந்து ஒலி அதிர்வுகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சையை ஜெர்மனியில் 60 பேரிடம், வாரம் ஒரு முறை 3000 அதிர்வுகள் வீதம் நான்கு வாரம் சோதித்ததில் வலி குறைந்தது. 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சிகிச்சை முடிந்தவுடன் பலன் இருப்பதையும், அது நீடிப்பது உறுதியில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சீனாவில் பத்து மருத்துவமனைகளில் 440 ஆண்களுக்கு எட்டு வாரத்தில் 20 முறை அக்குபஞ்சர் ஊசி வைத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. அதில் 6 மதிப்பெண் என்ற அளவை எட்டியவர்கள் ஊசி பெற்றவர்களில் 60.6 விழுக்காடு, போலி ஊசி பெற்றவர்களில் 36.8 விழுக்காடு. சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்தும் வேறுபாடு நிலைத்தது. இந்த நோய்க்கான ஆய்வுகளில் இவ்வளவு சீராக நடத்தப்பட்டவை குறைவு.

குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசியை வலி நீக்கும் அற்புதமாகக் கூறிப் பெருந்தொகை கேட்பவர்களிடம் ஒரே பதில் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஒப்புதல் பெறாத நோய்களுக்குக் குருத்தணுவை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். புராஸ்டேட் வலி ஒப்புதல் பெற்ற பட்டியலில் இல்லை.

முறையான ஆய்வில் சேர்வது எப்படி

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கு, சுருக்கமாக சி.டி.ஆர்.ஐ. எனப்படும் தேசியப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. 2009 ஜூன் முதல் அதில் பதிவு செய்வது கட்டாயம். அதன் இணையதளத்தில் நோயின் பெயரைக் கொண்டு யாரும் இலவசமாகத் தேடலாம். பதிவெண், நடத்தும் மருத்துவமனை, யார் சேரலாம், யார் சேரக் கூடாது, ஆள்சேர்ப்பு நடக்கிறதா முடிந்துவிட்டதா என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஒருவர் “இது ஆய்வு” என்று சொல்லியும் பதிவெண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் பங்கேற்பவருக்குப் பல உரிமைகளைத் தந்திருக்கின்றன. உங்களுக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில், விவரத் தாளும் ஒப்புதல் படிவமும் தரப்பட வேண்டும். கையெழுத்திட்ட பின் ஒரு படி உங்கள் கையில் இருக்க வேண்டும். எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. ஆய்வின் காரணமாக உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். ஒவ்வோர் ஆய்வையும் பதிவு பெற்ற நெறிமுறைக் குழு ஒன்று முன்கூட்டியே ஆராய்ந்து ஒப்பியிருக்க வேண்டும், அக்குழுவின் தொடர்பு விவரம் உங்கள் தாளில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஆய்வுக்கென்று செய்யும் பரிசோதனைக்கோ மருந்துக்கோ பங்கேற்பவரிடம் பணம் வாங்குவது நெறியல்ல.

படிவத்தில் அங்கேயே நின்று கையெழுத்திடாதீர்கள். வீட்டுக்கு எடுத்து வந்து மனைவியோடோ, படித்த தம்பியோடோ, நம்பும் வேறு மருத்துவரோடோ உட்கார்ந்து வாசியுங்கள். வெற்று மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? அந்த வாரங்களில் வலி தாங்க முடியாவிட்டால் எந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம்? இந்த மருந்து விந்தணுவைப் பாதிக்குமா, குழந்தைக்கு முயலும் தம்பதியர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இது சேருமா? ஆய்வு முடிந்த பின் பலன் கண்டவருக்கு மருந்து தொடர்ந்து கிடைக்குமா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். கேட்பதால் மருத்துவர் சினந்துகொள்வார் என்று நம் ஊரில் பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வு மருத்துவருக்கு விளக்குவது கடமை.

தொலைவையும் கணக்கில் எடுங்கள். வேலூரிலோ சென்னையிலோ நடக்கும் ஆய்வில் சேர்ந்தால் இரத்தப் பரிசோதனைக்கும் நேர்காணலுக்கும் குறித்த நாளில் போயே ஆக வேண்டும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் பயணம் செய்யும் தோட்டத் தொழிலாளிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், நெடுநேரம் அமர்ந்து வருவதாலேயே வலியும் கூடும். பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஆய்வு நடத்துவோர் ஈடுசெய்வார்களா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேலத்திலேயே இரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டா என்பதையும் கேளுங்கள்.

சிகிச்சை நடக்கும்போதும் நிறுத்தும்போதும்

ஆய்வில் சேர்ந்தாலும், மருத்துவரின் கண்காணிப்பில் தனியாக ஒன்றை முயன்றாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் என்ற ஒழுங்கு வேண்டும். மகரந்தச் சத்தும் அக்குபஞ்சரும் புதிய இருக்கையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் பலன் எதனால் வந்தது என்று ஒருநாளும் தெரியாது. தொடங்கும் நாளன்றே முடிவு நாளையும் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரைகளுக்குப் பெரும்பாலான ஆய்வுகள் எடுத்துக்கொண்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரமே போதுமான அவகாசம். அந்த நாளில் மொத்த மதிப்பெண் தொடக்க நான்கு வாரச் சராசரியிலிருந்து 6 குறையவில்லை என்றால், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்ற ஆசைக்கு இடம் தராமல் மருத்துவரிடம் பேசி நிறுத்துங்கள். சில மருந்துகளை, குறிப்பாக ஸ்டீராய்டையும் நரம்பு மருந்துகளையும், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முகமோ உதடோ வீங்குதல், மூச்சுத் திணறல், தோல் தடிப்பு, கறுத்த மலம், கண் மஞ்சளித்தல், நெஞ்சுவலி, பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் முடிவு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, உட்கொள்ளும் மருந்தின் அட்டையைக் காட்டுங்கள். மருந்தினால் வந்த தீங்கை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத எண் இருக்கிறது. ஆய்வில் இருப்பவர்கள் ஆய்வு மருத்துவருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும்.

பலன் கிடைத்தவர்களும் ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். மருத்துவரின் ஒப்புதலோடு நான்கு வாரம் நிறுத்தி, அதே வினாத்தாளை அதே கிழமையில் நிரப்புங்கள். மதிப்பெண் மீண்டும் ஏறினால் மருந்துக்கு உண்மையான பங்கு இருக்கிறது என்று கொண்டு, தொடர்வதன் செலவையும் தீங்கையும் மருத்துவரோடு கணக்கிடலாம். ஏறாவிட்டால் அந்த மருந்து இனித் தேவையில்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள், தமக்குக் கிடைத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்பதை ஆய்வு முடிந்ததும் எழுத்தில் கேட்டுப் பெற்று, ஒப்புதல் படிவத்தின் படியோடும் குறிப்பேட்டோடும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த உறையைத்தான்.